நிதி திரட்டும் நிகழ்ச்சி: முதல் கூட்டத்திலிருந்து கடைசி ரசீது வரை

நூலகமோ, விளையாட்டுக் கழகமோ, முதியோர் நலக் குழுவோ, எந்த அமைப்பானாலும் நிதி திரட்டலாம் என்று கூடும் முதல் கூட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். ஒருவர் இசை நிகழ்ச்சி என்பார். இன்னொருவர் ஓட்டப் பந்தயம் என்பார். மூன்றாமவர், போன வருடம் வேறொரு சங்கத்தின் விழாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றி ஆரம்பிப்பார். அரை மணி நேரத்தில் மண்டபம் எது, மேடையில் யார் யார் என்பது வரை பேச்சு போய்விடும். எவ்வளவு பணம் வேண்டும், எதற்கு வேண்டும் என்பதை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

விழா நாளன்று பெட்டியில் விழும் பணத்தில் பெரும்பகுதி, அதற்கு முந்தைய வாரங்களில் யாரிடம், எதற்காக, எவ்வளவு கேட்டோம் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் இங்கே மேடை, மைக், அலங்காரத்துக்கு இடம் குறைவு. கேட்பதற்கும் கணக்குக்கும் இடம் அதிகம். நடுத்தரமான ஒரு நிகழ்ச்சிக்கு நான்கு முதல் ஆறு மாதம் கையில் இருந்தால் நல்லது.

1. தேவையைத் தொகையாக மாற்றுங்கள்

'சங்கத்தின் வளர்ச்சிக்காக' என்று கேட்டால் மரியாதைக்கு ஏதோ தருவார்கள். ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம்: 'வாசிப்பறைக்கு 6 மேசை, 24 நாற்காலி, மழை ஒழுகும் கூரைக்குப் பழுது' என்று கேட்டால் ஒருவர் ஒரு மேசையை ஏற்றுக்கொள்வார், இன்னொருவர் கூரை வேலையில் பாதியை ஏற்றுக்கொள்வார். தொகையை மனக்கணக்காகப் போடாமல், குறைந்தது இரண்டு இடங்களில் விலைப்புள்ளி வாங்குங்கள். அந்தத் தாள்கள் பின்னால் நன்கொடை கேட்கப் போகும்போதும் உதவும்.

ஒரு காரியத்தின் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தை அதற்குத்தான் செலவழிக்க வேண்டும். பல நாடுகளில் இது சட்டமாகவே இருக்கிறது. இலக்கைவிடக் கூடுதலாக வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்து, முதல் அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: 'இலக்கைத் தாண்டி வரும் தொகை வாசிப்பறையின் பராமரிப்புக்குப் பயன்படும்.' குறைவாக வந்தால் எதை முதலில் செய்வீர்கள் என்பதற்கும் இப்படி ஒரு வரி வேண்டும். இந்த இரண்டு வரிகள் இல்லாத அமைப்புகளில் பின்னால் வரும் சண்டை நீளமானது.

2. பெயர்ப் பட்டியல்: உண்மையான வேலை இங்கேதான்

இலக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான். 'ஆயிரம் பேர் ஆளுக்கு நூறு தந்தால் முடிந்தது' என்று யாராவது சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும், நடக்காது. ஆயிரம் பேரைப் பிடிக்க எத்தனை ஆயிரம் பேரிடம் போக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பணம் எப்போதும் சமமாகப் பிரிந்து வருவதில்லை. சிலர் நிறையத் தருவார்கள், பலர் கொஞ்சம் தருவார்கள்.

அதற்குத் தகுந்த மாதிரி ஒரு கொடை அட்டவணை போடுங்கள். 15,000 தரக்கூடிய ஒருவர், 10,000 தரக்கூடிய இருவர், 5,000 தரக்கூடிய நால்வர், 2,000 தரக்கூடிய பத்துப் பேர். இந்தப் பதினேழு பேரிடமிருந்தே 75,000 வந்துவிடும். மீதி 25,000 சிறு தொகைகளாகவும் டிக்கெட்டாகவும் வரட்டும். கேட்கிற எல்லோரும் தரமாட்டார்கள் என்பதால், ஒரு கொடைக்கு மூன்று நான்கு பெயர் வீதம் எழுத வேண்டும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு. ஆக, பதினேழு கொடைக்கு ஐம்பது அறுபது பெயர்கள்.

குழுவில் உள்ள ஒவ்வொருவரும் உட்கார்ந்து பத்துப் பெயர் எழுதட்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரம் வேண்டும்: நம் வேலையோடு அவருக்கு என்ன தொடர்பு, எவ்வளவு கேட்கலாம், யார் போய்க் கேட்பது. மூன்றாவதுதான் முக்கியம். தெரியாத ஒருவர் வந்து கேட்பதைவிட, தெரிந்தவர் வந்து கேட்டால் 'இல்லை' என்று சொல்வது கடினம். ஊரிலேயே பெரிய பணக்காரர் என்பதற்காக மட்டும் ஒரு பெயரைத் தலையில் வைக்காதீர்கள். நம்மை அறியாத கோடீஸ்வரரைவிட, பத்து வருடமாக நூலகத்துக்கு வந்துபோகும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அதிகம் தருவார்.

யாரிடம் முதலில் போவது? 18ஆம் நூற்றாண்டில் பிலடெல்பியாவில் வழிபாட்டு இல்லம் கட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு போதகருக்கு அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் சொன்ன வரிசை இன்றும் சரியாகத்தான் இருக்கிறது. கட்டாயம் தருவார்கள் என்று தெரிந்தவர்களிடம் முதலில் போ. தருவார்களா மாட்டார்களா என்று சந்தேகம் உள்ளவர்களிடம் அடுத்துப் போய், தந்தவர்களின் பட்டியலைக் காட்டு. தரவே மாட்டார்கள் என்று நினைப்பவர்களையும் விட்டுவிடாதே, அவர்களில் சிலரைப் பற்றி உன் கணிப்பு தவறாக இருக்கலாம். அந்த மூன்றாவது வகையைத்தான் நம் குழுக்கள் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

அப்புறம் ஒன்று: பட்டியலின் முதல் வரிசையில் நிர்வாகக் குழுவின் பெயர்கள் இருக்க வேண்டும். தொகை சிறியதாக இருக்கலாம், ஆனால் எல்லோரும் தந்திருக்க வேண்டும். 'உங்கள் குழுவில் எல்லோரும் கொடுத்துவிட்டீர்களா?' என்று ஒரு நன்கொடையாளர் கேட்டால் தயங்காமல் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும்.

3. இப்போது நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள்

உங்களிடம் என்ன ஆள்பலம் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நிகழ்ச்சியின் வகையை முடிவு செய்ய வேண்டும்.

இளைஞர்கள் நிறைய இருந்தால் நிதி நடைப்பயணம் நல்லது. நடப்பவர் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த பத்துப் பேரிடம் 'நான் நடக்கிறேன், எனக்காகக் கொஞ்சம் போடுங்கள்' என்று கேட்பார். 40 பேர் நடந்தால் 400 பேரிடம் நம் செய்தி போகிறது. செலவும் குறைவு. ஆனால் நடப்பவர்கள் உண்மையில் கேட்கிறார்களா என்று வாராவாரம் போன் செய்து பார்க்க ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் அது வெறும் உடற்பயிற்சியாக முடியும்.

பொருள் வைத்திருப்பவர்களும் வாங்கும் வசதி உள்ளவர்களும் தெரிந்த வட்டத்தில் இருந்தால் ஏலம் வைக்கலாம். ஏலப் பொருள் எல்லாம் இலவசமாக வந்ததாக இருக்க வேண்டும். வாங்கி ஏலம் விடுவது சூதாட்டத்துக்குச் சமம். எழுத்து ஏலமாக வைத்தால், கேட்கிறவர்கள் தங்கள் தொகையை எழுத ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் தாள் வைத்து, தொடக்கத் தொகையையும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதையும் மேலே எழுதிவிடுங்கள். எல்லா மேசையையும் ஒரே நேரத்தில் மூடாமல் பத்து நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக மூடினால், ஒன்றில் தோற்றவர் அடுத்த மேசைக்குப் போவார்.

பரிசுச் சீட்டு சுலபம் போலத் தெரியும். பல நாடுகளில் அது சூதாட்டச் சட்டத்தின் கீழ் வருகிறது, உரிமம் வேண்டும், சில இடங்களில் அனுமதியே இல்லை. சீட்டு அச்சடிப்பதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

இணையத்தில் திரட்டுவதாக இருந்தால், தளத்தின் விதிகளை முதலில் படியுங்கள். இலக்கை எட்டாவிட்டால் சேர்ந்த பணம் வருமா, திரும்பிப் போய்விடுமா, எத்தனை சதவீதம் பிடிப்பார்கள், எப்போது வங்கிக்கு வரும் என்பவற்றைப் பாருங்கள். கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளம் படைப்புத் திட்டங்களுக்கானது; இலக்கை எட்டாவிட்டால் ஒரு காசும் கைக்கு வராது, தர்ம காரியத்துக்கு அங்கே நிதி திரட்டவும் முடியாது.

2014இல் தலையில் பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் வீடியோக்கள் பரவி, ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் 'நாமும் அது மாதிரி ஒன்று செய்யலாமே' என்கிறார். அந்த அலையை ஆரம்பித்தது அந்தச் சங்கம் அல்ல. வைரலாவதைத் திட்டத்தில் ஒரு வரியாக எழுத முடியாது.

நிகழ்ச்சியே இல்லாமலும் நிதி திரட்டலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அறுபது பெயர், நல்ல கடிதம், நேரில் சந்திப்பு, அவ்வளவுதான். உங்கள் குழுவில் ஐந்து பேர்தான் வேலை செய்கிறவர்கள் என்றால் என் வாக்கு இதற்குத்தான்.

4. பட்ஜெட்: டிக்கெட் பணத்தை நம்பாதீர்கள்

ஒரு மாலை நிகழ்ச்சி. மண்டபம், ஒலி, ஒளி, அச்சு எல்லாம் சேர்த்து 30,000. எத்தனை பேர் வந்தாலும் இது மாறாது. வருகிறவர் ஒருவருக்கு ஆகும் செலவு 150. டிக்கெட் 400. ஆக ஒருவரிடமிருந்து நிற்பது 250. நிலையான செலவை எடுக்கவே 120 பேர் வர வேண்டும். 121ஆவது ஆள் உள்ளே வந்த பிறகுதான் நூலகத்துக்கு முதல் காசு. 200 பேர் கொள்ளும் மண்டபம் நிரம்பி வழிந்தாலும் மிஞ்சுவது 20,000தான். முப்பது தொண்டர்கள் ஆளுக்கு 20 மணி நேரம் உழைத்திருந்தால் மொத்தம் 600 மணி நேரம். ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைத்தது 33.

இதே நிகழ்ச்சியில் 30,000 நிலையான செலவை மூன்று ஆதரவாளர்கள் (ஸ்பான்சர்கள்) முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால்? முதல் ஆளிலிருந்தே 250 மிஞ்சும், 200 பேருக்கு 50,000. மண்டபம் பாதிதான் நிரம்பினாலும் 25,000 கையில் நிற்கும். எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: நிலையான செலவுக்கு ஆதரவாளர் கிடைக்கும் வரை டிக்கெட் அச்சடிக்க வேண்டாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு தேதியைக் குறித்து, அதற்குள் ஆதரவு உறுதியாகாவிட்டால் நிகழ்ச்சியைச் சுருக்குவதா கைவிடுவதா என்றும் எழுதி வைத்துவிடுங்கள். அந்தத் தேதி தாண்டியபின் யாருக்கும் கைவிட மனம் வராது.

செலவுப் பட்டியலில் எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேருங்கள். பணமாக வராமல் பொருளாகவோ சேவையாகவோ வரும் உதவியைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். அச்சகத்துக்காரர் இலவசமாக அடித்துக் கொடுத்தால் அதுவும் கொடைதான், அவருக்கும் நன்றிக் கடிதம் போக வேண்டும்.

5. ஆதரவாளர்கள்

ஒரு நிறுவனத்திடம் போகும்போது உங்கள் தேவையை விளக்கி ஐந்து பக்கம் எழுதாதீர்கள். ஒரு பக்கம் போதும்: யார் நாம், எதற்குப் பணம், யார் வருவார்கள், அந்த நிறுவனத்தின் பெயர் எங்கே தெரியும், எவ்வளவு கேட்கிறோம், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். வருகிறவர்கள் யார் என்ற வரியைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். 'பொதுமக்கள்' என்று எழுதினால் பயனில்லை. 'பள்ளி வயதுக் குழந்தைகள் உள்ள சுமார் 150 குடும்பங்கள்' என்று எழுதுங்கள். பல நிறுவனங்களில் வருடக் கணக்கு தொடங்கும்போதே இதற்கான தொகையை ஒதுக்கிவிடுவார்கள். வருடக் கடைசியில் போனால், மனம் இருந்தாலும் பணம் இருக்காது.

6. கேட்பது

இந்தப் பகுதியில்தான் எல்லோருக்கும் கால் பின்வாங்கும். போஸ்டர் ஒட்டச் சொன்னால் இரவு முழுக்க ஒட்டுவார்கள், ஒருவரிடம் போய் 'ஐயாயிரம் தாருங்கள்' என்று கேட்கச் சொன்னால் திடீரென்று வேலை வந்துவிடும். கேட்பது பிச்சை எடுப்பதல்ல என்று அவர்களுக்கு எத்தனை முறை சொன்னாலும் கூச்சம் போகாது. ஒத்திகை பார்த்தால் போகும். குழுவுக்குள்ளேயே இருவர் இருவராக உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

'வணக்கம் சார், நூலகக் குழுவிலிருந்து பேசுகிறேன். வாசிப்பறைக்கு மேசை நாற்காலி வாங்கவும் கூரையைச் சரிசெய்யவும் பணம் சேர்க்கிறோம். மொத்தம் ஒரு லட்சம் ஆகும், இதுவரை முப்பதாயிரம் வந்திருக்கிறது. நீங்கள் ஐயாயிரம் தந்து உதவ முடியுமா?'

இதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். அந்த நான்கைந்து விநாடி மௌனம் பயங்கரமாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அந்த இடத்தில்தான் 'இல்லை சார், உங்களால் முடிந்ததைக் கொடுத்தால் போதும்' என்று தாங்களே தொகையைக் குறைத்துவிடுகிறார்கள். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், யோசிக்க விடுங்கள்.

'அவ்வளவு முடியாதும்மா' என்றால், 'சரி சார், எவ்வளவு முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்கலாம். 'இப்போது கையில் இல்லை' என்றால், 'பரவாயில்லை சார், அடுத்த மாதம் ஒரு தடவை நினைவுபடுத்தட்டுமா?' என்று கேட்டு, சொன்ன தேதியில் கட்டாயம் கூப்பிடுங்கள். 'முடியாது' என்றே சொல்லிவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள், காரணம் கேட்டு நிற்காதீர்கள். ஒவ்வொரு பதிலையும் அன்றே பட்டியலில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அதே வீட்டுக்கு அடுத்த வாரம் இன்னொருவர் போய் நிற்பார்.

கேட்பதற்கு வலு சேர்க்கும் ஒரு வழி ஈடுகொடை. நாம் எவ்வளவு திரட்டுகிறோமோ அதே அளவு தானும் தருவதாக ஒரு பெரிய நன்கொடையாளரைச் சொல்ல வைப்பது. 1751இல் பிலடெல்பியாவில் மருத்துவமனை அமைக்க பிராங்க்ளின் இதைத்தான் செய்தார்: மக்கள் 2,000 பவுண்டு சேர்த்தால் மாகாண சட்டமன்றம் இன்னொரு 2,000 பவுண்டு தர வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். மக்களிடம் போனபோது, நீங்கள் போடும் ஒவ்வொரு காசும் இரண்டாகும் என்று சொல்ல முடிந்தது. உங்கள் பட்டியலில் 15,000 தரப்போகிற அந்த ஒருவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். அவர் எப்படியும் தரத்தான் போகிறார் என்றால் அதை ஈடுகொடை என்று விளம்பரம் செய்யாதீர்கள், அது பொய்.

7. அறிவிப்பும் விளம்பரமும்

இலக்கில் பாதியாவது உறுதியாகும் வரை ஊருக்கு அறிவிக்காமல் அமைதியாக வேலை செய்யுங்கள். பூஜ்யத்தில் நிற்கும் கணக்கில் முதல் ஆளாகப் பணம் போட யாருக்கும் பிடிக்காது. 'பாதி வந்துவிட்டது, மீதிக்கு உங்கள் உதவி வேண்டும்' என்று தொடங்கும் அறிவிப்புக்கு வரும் வேகம் வேறு.

காலக்கெடு குறுகியதாக இருக்கட்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்களுக்காக நிதி திரட்டிய சார்லஸ் சம்னர் வார்டு என்பவர் வருடக்கணக்கில் இழுப்பதை விட்டுவிட்டு, சில நாட்கள் அல்லது சில வாரங்கள் என்று கெடு வைத்தார். சேர்ந்த தொகையைக் காட்ட எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய கடிகாரம் வைத்து முள்ளை நகர்த்துவார்கள். இன்று நாம் வரையும் வெப்பமானிப் படமும் அந்த வழியில் வந்ததுதான்.

சிறு தொகைகளைக் கொண்டுவருவதற்கு இன்னொரு நல்ல பாடம் 1885இல் நடந்தது. நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் வேலை நின்றபோது, ஜோசப் புலிட்சர் தன் நாளிதழில் வேண்டுகோள் விடுத்தார். எவ்வளவு சிறிய தொகை தந்தாலும் தந்தவர் பெயர் அச்சாகும் என்றார். சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. பெயர் வெளியிடுவதென்றால் எல்லோர் பெயரையும் வெளியிடுங்கள். பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு ரசீதுப் படிவத்திலேயே ஒரு கட்டம் வைத்துவிடுங்கள்.

8. அனுமதி, வங்கி, வரி

வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், இருவர் கையெழுத்து வேண்டும். தனிநபர் கணக்குக்கு அவசரத்துக்குக்கூடப் பணம் வாங்காதீர்கள். வரிவிலக்குச் சான்று தர உங்களுக்குத் தகுதி இருக்கிறதா, வெளிநாட்டுப் பணம் வாங்கத் தனி அனுமதி வேண்டுமா என்பதை உங்கள் நாட்டுச் சட்டப்படி ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள். டிக்கெட் வாங்கியவருக்கு நிகழ்ச்சி, விருந்து என்று ஏதாவது கிடைத்தால், அதன் மதிப்பைக் கழித்தபின் நிற்பதைத்தான் சில நாடுகளில் நன்கொடையாகக் கணக்கிடுவார்கள்.

9. விழா நாள்

மேடையிலிருந்து நன்கொடை கேட்பது ஒரே ஒருவர், மூன்று நிமிடத்துக்கு மிகாமல். தலைவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. அந்த வாசிப்பறையில் படித்துத் தேர்வெழுதிய ஒருவர் பேசட்டும். கடைசி நிகழ்ச்சிக்கு முன்பே பேசிவிட வேண்டும், அது முடிந்தால் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு தருவோம் என்று எழுதித் தருவதற்கான உறுதிமொழிச் சீட்டும் பேனாவும் ஒவ்வொரு இருக்கையிலும் முன்கூட்டியே இருக்கட்டும். கியூஆர் கோடு அட்டைகளை மண்டபத்துக்குள்ளேயே ஸ்கேன் செய்து பாருங்கள். சில மண்டபங்களில் போனுக்கு சிக்னலே கிடைக்காது.

பணம் எண்ணுவதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அமைப்புகள் உடைவது இங்கேதான். காலையில் சில்லறைக்காகப் பெட்டியில் போட்ட தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். டிக்கெட் புத்தகத்தில் முதல் எண்ணையும் குறியுங்கள். ஒலி அமைப்பாளருக்கோ வண்டிக்காரருக்கோ அந்தப் பெட்டியிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கக் கூடாது; செலவுக்குத் தனிப் பணம், தனி உறை. இரவு கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவர் எண்ண வேண்டும். ஒருவர் எண்ணி நோட்டு வகை வாரியாகச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும், பிறகு இடம் மாற வேண்டும். விற்ற டிக்கெட் எண்ணிக்கையை விலையால் பெருக்கி, சில்லறைத் தொகையைக் கூட்டினால் கையில் உள்ள பணத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை அப்படியே எழுதுங்கள், சொந்தப் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். இருவரும் கையெழுத்திட்டு, தாளைப் போட்டோ எடுத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வங்கி நாளில் முழுத் தொகையையும் கட்டுங்கள்.

10. முடிந்த பிறகு

48 மணி நேரத்துக்குள் நன்றி போய்விட வேண்டும். பெரிய கொடைக்குப் போனில், மற்றவர்களுக்குக் கடிதத்திலோ செய்தியிலோ. பெயர், தொகை, எதற்குப் பயன்படும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். ரசீது தனி, நன்றி தனி. உறுதிமொழி தந்து இன்னும் கட்டாதவர்களை முதல் வாரத்திலேயே தொடர்புகொள்ளுங்கள்; ஒரு மாதம் போய்விட்டால் அந்தப் பணம் அநேகமாக வராது.

இரண்டு வாரத்துக்குள் வரவு செலவை வெளியிடுங்கள், மொத்த வரவை மட்டும் சொல்லாமல் செலவு போக நின்றதையும் சேர்த்து. குழுவை ஒரு மாலை கூட்டி, எந்தப் பெயர் பலித்தது, எந்த வேலைக்கு ஆள் போதவில்லை, எந்தச் செலவு வீண் என்று எழுதி வையுங்கள். விலைப்புள்ளிகள், கடித நகல்கள், பெயர்ப் பட்டியல், எண்ணிய தாள் எல்லாம் ஒரே கோப்பில் போகட்டும்.

மேசைகள் வந்து, கூரை ஒழுகல் நின்ற பிறகு, தந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு படமும் நான்கு வரியும் அனுப்புங்கள். அந்தக் கடிதத்தில் மட்டும் பணம் கேட்காதீர்கள்.